சி.ஏ.ஜி. அறிக்கை தீர்ப்பு அல்ல: அரசுத் துறைகளைக் கணக்குக் கேட்பவர்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்கிறோம். "சி.ஏ.ஜி. அறிக்கையில் ஊழல் அம்பலம்" என்று தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடும். எதிர்க்கட்சிக்காரர் நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்ட மாதிரி பேசுவார். ஆளுங்கட்சிக்காரர் "அது வெறும் அறிக்கைதானே, வருடாவருடம் வருகிறதுதான்" என்பார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதே இரண்டு கட்சிதான். இரண்டுமே தவறு. அந்த அறிக்கை தீர்ப்பும் அல்ல, வெறும் காகிதமும் அல்ல. அப்படியானால் அது என்ன, யார் எழுதுகிறார்கள், எழுதிய பிறகு என்ன ஆகிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

மொய் மேஜையிலிருந்து தொடங்குவோம்

நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் மேஜையைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பையில் போடுவார். பக்கத்தில் இன்னொருவர் நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதுவார். இரண்டு வேலையையும் ஒருவரிடம் விடுவதில்லை. எழுதுவதற்குப் பெரும்பாலும் உள்ளூர் வாத்தியாரையோ, மாப்பிள்ளையின் நண்பரையோ உட்கார வைப்பார்கள். பணம் வாங்கும் சித்தப்பாவை நம்பவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பந்தி முடிந்து ராத்திரி நோட்டின் கூட்டலையும் பையில் இருப்பதையும் ஒப்பிடும்போது 2,000 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் மீதும் பழி போடாமல், எந்தப் பக்கத்தில் தவறு என்று தேட ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் நோட்டு.

இதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது. பணத்தைத் தொடுகிறவர் வேறு, கணக்கைப் பார்க்கிறவர் வேறு. பார்க்கிறவர், தொடுகிறவரின் கைக்கு அடங்கியவராக இருக்கக் கூடாது. குறை தெரிந்தால் அவர் வீட்டுப் பெரியவரிடம் சொல்வார். சட்டையைப் பிடிக்கிற வேலை அவருடையது இல்லை.

அரசாங்கத்தில் பணம் நம் வரி. அதைத் தொடுகிறவை துறைகள். வீட்டுப் பெரியவர் இடத்தில் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இருக்கின்றன. நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் சி.ஏ.ஜி. அவர் செய்கிற வேலைக்குத் தணிக்கை என்று பெயர்: செலவு செய்யாத ஒருவர், ஆவணங்களை வைத்து, அந்தச் செலவு விதிப்படி நடந்ததா என்று சரிபார்ப்பது. திரைப்படத் தணிக்கையும் இதே சொல்தான் என்பதால் சிலருக்குக் குழப்பம் வருகிறது. இங்கே வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்ப்பது, கேட்பது, எழுதுவது, அவ்வளவுதான்.

யார் இந்த சி.ஏ.ஜி.?

இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் என்பது நீளமான பெயர். ஆங்கிலத்தில் Comptroller and Auditor General. எல்லோரும் அதைச் சுருக்கி சி.ஏ.ஜி. என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். பதவியின் வேர் 1860-ல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இந்தப் பதவியைப் பற்றியவை. அரசமைப்பு அவையில் இது விவாதத்துக்கு வந்தபோது, அரசமைப்புச் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவராகத்தான் இருப்பார் என்று அம்பேத்கர் சொன்னார். பிரதமர், தலைமை நீதிபதி பெயரெல்லாம் தெரிந்த நமக்கு சி.ஏ.ஜி.யின் பெயர் தெரிவதில்லை என்பதை நினைத்தால் அந்தக் கூற்றின் கனம் புரியும்.

மத்திய அரசு, மாநில அரசுகள் இரண்டையும் தணிக்கை செய்பவர் இவர் ஒருவரே. மாநிலங்களில் இவருக்குக் கீழே கணக்காயர் அலுவலகங்கள் உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் உள்ள வீடுகளில் "ஏ.ஜி. ஆபீஸ்" என்றால் தெரியும், பி.எஃப். கணக்குச் சீட்டும் ஓய்வூதியக் காகிதமும் வரும் இடம், சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மாநில அரசின் செலவுகளைத் தணிக்கை செய்கிற அலுவலகமும் அதே வளாகம்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மாநில அரசின் ஊழியர்கள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. முதலமைச்சரால் அவர்களை இடமாற்றம் செய்ய முடியாது.

சுதந்திரம் என்பது ஆளின் குணம் அல்ல

"நேர்மையான அதிகாரி" என்று ஒருவரைப் புகழ்கிறோம். கண்காணிப்பு அமைப்புக்கு அது போதாது. நேர்மையானவரையும் மிரட்டலாம், ஆசை காட்டலாம். அதனால்தான் அரசமைப்புச் சட்டம் ஆளை நம்பாமல் பூட்டுப் போட்டது.

முதல் பூட்டு, நீக்குவது. சி.ஏ.ஜி.யை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே முறையில்தான் நீக்க முடியும். தவறு நிரூபணமாகி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட வேண்டும். பிடிக்காத அறிக்கை எழுதினார் என்று ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டாவது, சம்பளம். அவருடைய சம்பளத்தையும் அலுவலகச் செலவையும் நாடாளுமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவி வகிக்கக் கூடாது. நாளைக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும் என்ற எண்ணம் இன்று பேனாவை வளைக்கும் என்று 1949-லேயே யோசித்திருக்கிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு, அல்லது 65 வயது, எது முந்தியதோ அது.

பூட்டு இல்லாத ஒரு வாசலும் உண்டு. அது நியமனம். குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மத்திய அரசு தேர்ந்தெடுப்பவரே வருகிறார். எதிர்க்கட்சித் தலைவர் இருக்கும் தேர்வுக் குழு எதுவும் இல்லை. தணிக்கைக்கு உள்ளாகப் போகிறவரே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

பூட்டு எவ்வளவு முக்கியம் என்று மற்ற நாடுகளைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவில் 1978-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பெரிய துறைக்குள்ளேயும் தலைமை ஆய்வாளர் என்று ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். நீக்குவதென்றால் 30 நாளுக்கு முன்பே காரணத்தோடு நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அப்படித் தெரிவிக்காமலே ஒரே இரவில் சுமார் 17 பேரை நீக்கினார். இலங்கையில் வேறு மாதிரி: கணக்காய்வாளர்களின் (தணிக்கையாளர்களின்) பணி நியமனத்தை அரசின் கையிலிருந்து விலக்கி வைக்க 2015-ல் 19-வது திருத்தம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது; 2020-ல் 20-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது; 2022-ல் 21-வது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. எளிதில் திறக்கிற பூட்டு பூட்டே இல்லை.

இதுவரை பார்த்தது: சி.ஏ.ஜி. என்பவர் அரசுச் செலவைச் சரிபார்த்து, மக்கள் பிரதிநிதிகளிடம் சொல்கிறவர். அவரை நீக்குவது கடினம், சம்பளத்தை வைத்து மிரட்ட முடியாது, பதவி முடிந்தபின் அரசு வேலை காட்டி இழுக்கவும் முடியாது. நியமனம் மட்டும் அரசின் கையில்.

ஆடிட் பார்ட்டி வருகிற வாரம்

சரி, தணிக்கை எப்படி நடக்கிறது? இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். என் சித்தப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். "அடுத்த வாரம் ஆடிட் பார்ட்டி வருது" என்று அவர் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரியும்: அந்த வாரம் அவர் சாப்பிட வரமாட்டார்.

ஆடிட் பார்ட்டி என்பது இரண்டு மூன்று பேர் கொண்ட குழு. முதலில் பட்டியல் கொடுப்பார்கள்: ரொக்கப் புத்தகம், வவுச்சர்கள், இருப்புப் பதிவேடு, டெண்டர் ஃபைல், வண்டியின் லாக் புக், கட்டட வேலை என்றால் எம்-புக். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். இத்தனை மீட்டர் சாலை போட்டோம், இத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட்டோம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டு எழுதுவது. எல்லா ரசீதையும் பார்க்க நேரம் இருக்காது. பானை சோற்றுக்கு ஒரு சோறு என்கிற மாதிரி சில மாதங்களை, சில பணிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள்.

அவர்களுடைய திறமை, ஒரு காகிதத்தை அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு காகிதத்தின் பக்கத்தில் வைப்பதில் இருக்கிறது. சித்தப்பா அலுவலகத்தில் நடந்தது இது. டீசல் பில்கள் ஒழுங்காக இருந்தன. லாக் புக்கும் இருந்தது. ஆடிட்டர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார்: ஜீப் பழுதுபார்த்த பில். அதில் ஜீப் 18 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றதாகத் தேதி இருந்தது. அதே 18 நாளில் ஜீப் கணக்கில் டீசல் வாங்கியிருக்கிறார்கள்.

உடனே ஒரு தாள் வந்தது. அந்தத் தாளுக்கு "ஹாஃப் மார்ஜின்" என்று பெயர். பக்கத்தை நெடுவாக்கில் பாதியாக மடித்து, ஒரு பாதியில் ஆடிட்டர் கேள்வி எழுதுவார். மறு பாதி பதிலுக்காகக் காலியாக இருக்கும். கேள்வியும் பதிலும் ஒரே தாளில், அருகருகே. இவ்வளவு எளிய, நியாயமான ஒரு முறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. குற்றம் சாட்டுவதற்கு முன்பே பதிலுக்கு இடம் விட்டுத்தான் தாளே தொடங்குகிறது.

அலுவலகத்தின் பதில்: மின்வெட்டு அதிகம், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினோம், அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு இல்லாததால் ஜீப் கணக்கில் எழுதினோம். அது உண்மைதான் என்று சித்தப்பா சொன்னார். ஆடிட்டர் விடவில்லை: ஜெனரேட்டர் எந்த நாள் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேடு எங்கே? அது கிடையாது. 11,000 ரூபாய் சொச்சம்தான் தொகை. ஆனால் பதில் ஏற்கப்படாமல் அது ஆய்வு அறிக்கையில் ஒரு பாராவாக ஏறியது. இப்படி ஏறுகிற குறிப்பைத்தான் தணிக்கைத் தடை, அல்லது அலுவலக வழக்கில் "ஆடிட் பாரா" என்கிறோம். சில வருடம் கழித்து, பதிவேடு தொடங்கி, ஜெனரேட்டருக்கு முறையான ஒதுக்கீடு வாங்கிய பிறகு பாராவைக் கைவிட்டார்கள்.

இதில் யாரும் திருடினார்களா? தெரியாது. தெரியாது என்பதுதான் இங்கே பிரச்சினையே. திருடியிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத நிலையில் அந்த அலுவலகம் இருந்தது. தணிக்கை அதைத்தான் எழுதியது.

இதே கைவினை பெரிய அளவிலும் வேலை செய்யும். பிகார் மாட்டுத் தீவன ஊழலில், கால்நடைகளை ஏற்றிச் சென்றதாகப் பணம் எடுத்த வண்டிகளின் பதிவு எண்களைப் போக்குவரத்து அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லாரி என்று எழுதியிருந்த இடத்தில் ஸ்கூட்டர்களின் எண்கள் இருந்தன.

பணம் மட்டுமா?

தணிக்கையாளர் மூன்று வகையான கேள்விகள் கேட்கிறார். கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? இது நிதித் தணிக்கை. விதிகளை மதித்துச் செலவு செய்தார்களா? இது இணக்கத் தணிக்கை. ஜீப் டீசல் இந்த வகை. மூன்றாவது, செலவு செய்தீர்கள் சரி, நினைத்த காரியம் நடந்ததா? இதற்குச் செயல்திறன் தணிக்கை என்று பெயர்.

மூன்றாவது வகையின் வலுவைச் சென்னைக்காரர்கள் அறிவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி சி.ஏ.ஜி. தயாரித்த அறிக்கை 2018 ஜூலையில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் வெளியேற்றம், ஆக்கிரமிப்புகள், கிடப்பில் கிடந்த திட்டங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, அது மனிதர்களால் ஏற்பட்ட பேரழிவு என்று சொன்னது. "நூற்றாண்டு மழை, யார் என்ன செய்ய முடியும்" என்று நமக்குச் சொல்லப்பட்டிருந்த நேரம் அது. வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு, ஓர் அரசமைப்பு நிறுவனம் அரசு ஆவணங்களை வைத்தே அந்த வார்த்தையை எழுதியது சின்ன விஷயம் இல்லை.

ஒரு வரம்பு உண்டு. இந்தத் திட்டம் தேவையா என்று அவர் கேட்பதில்லை. அது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முடிவு. எடுத்த முடிவை ஒழுங்காக நிறைவேற்றினார்களா என்பதுதான் அவர் எல்லை. அதேபோல, செலவு நடந்த பிறகுதான் அவர் வருகிறார். முன்கூட்டியே பணத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

"இழப்பு" என்று எழுதினால் திருட்டு என்று பொருளா?

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏலம் விடுவார்கள். இந்த முறை ஏலம் விடாமல், 7 வருடத்துக்கு முந்தைய விலைக்கே, தலைவர் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கு எவ்வளவு நட்டம்? பக்கத்து ஊர்க் கண்மாய் ஏலத்தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு தொகை வரும். குத்தகை எடுத்தவர் மறுநாளே வேறொருவருக்குக் கைமாற்றிய விலையை வைத்துப் போட்டால் இன்னொரு தொகை வரும். இரண்டுமே மதிப்பீடு. தலைவர் பையில் அவ்வளவு பணம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஊருக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்பது நிஜம். இப்படி மதிப்பிட்டுச் சொல்வதுதான் உத்தேச இழப்பு.

2ஜி விவகாரம் ஏறக்குறைய இதுதான். 2008-ல் அலைக்கற்றையோடு கூடிய உரிமங்கள் 2001-ம் ஆண்டு விலைக்கே கொடுக்கப்பட்டன. 2010 நவம்பரில் வந்த சி.ஏ.ஜி. அறிக்கை, வெவ்வேறு அளவுகோலை வைத்து, உத்தேச இழப்பு 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி ரூபாய் வரை இருக்கலாம் என்றது. நம் காதில் விழுந்தது பெரிய எண் மட்டும். "ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி திருட்டு" என்று அது ஊர் ஊராகப் போனது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எல்லோரையும் விடுதலை செய்தது.

இதைக் கேட்டதும் "அப்போ சி.ஏ.ஜி. சொன்னது பொய்யா?" என்பார்கள். உரிமம் கொடுத்த முறை சரியா என்பது ஒரு கேள்வி. அதில் இன்னார் லஞ்சம் வாங்கினார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது, இரண்டாவதற்கு விசாரணை நீதிமன்றம் பதில் சொன்னது. தணிக்கை கேட்டது முதல் கேள்வியை. அந்தப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்த அளவுகோலைப் பற்றி விவாதிக்கலாம், நியாயமாகவே விவாதித்தார்கள்.

இன்னொரு உதாரணம், எளிமையானது. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி 2023 ஆகஸ்டில் ஒரு தணிக்கை அறிக்கை வந்தது. ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்தது. ஒன்பதையே பத்து முறை அடித்த எண் அது. பயனாளியைச் சரிபார்க்கக் கைபேசி எண் தேவையில்லை, அதனால் கள எழுத்தர்கள் ஏதோ ஒன்றைப் போட்டிருக்கலாம் என்று அரசு பதில் சொன்னது. இருக்கலாம். ஆனால் ஏழரை லட்சம் பேரில் யாரையாவது கூப்பிட்டு "உங்கள் பெயரில் அறுவை சிகிச்சை நடந்ததாமே, உண்மையா?" என்று கேட்க வழியில்லை என்பதும் உண்மை. மறுபடியும் அந்த ஜெனரேட்டர் பதிவேடுதான்.

சுருக்கமாக: தணிக்கை சொல்கிற "இழப்பு" பல நேரம் ஒரு மதிப்பீடு. குற்றத்தை நிரூபிப்பது போலீஸ், நீதிமன்றத்தின் வேலை. நிரூபணம் ஆகவில்லை என்றால் தணிக்கை தவறு என்று ஆகிவிடாது.

அறிக்கை எழுதியாயிற்று, அப்புறம்?

மாநிலத்தைப் பற்றிய அறிக்கை ஆளுநரிடம் போகும். அவர் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். மத்திய அரசைப் பற்றியது குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போகும். எத்தனை நாளுக்குள் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் வேகம் வடிந்துபோகிறது. டெல்லியில் 14 அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வராமல் தேங்கிக் கிடந்தன. ஆட்சி மாறி, 2025 பிப்ரவரியில்தான் அவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. மற்ற இடங்களிலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டு அவையை ஒத்திவைக்கும் பழக்கம் உண்டு. விவாதிக்க நேரம் இருக்காது.

அவையில் வைத்த பிறகு பொதுக் கணக்குக் குழுவிடம் போகும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவருமே இருக்கும் குழு. நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் இதற்குத் தலைவர். துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். பிறகு என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று துறை எழுத்தில் சொல்ல வேண்டும். மொய் நோட்டு வீட்டுப் பெரியவர் கைக்கு வருவது இங்கேதான். அவர் படித்துப் பார்க்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டால், எழுதியவர் மேல் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பெயர் குழப்பம் வேண்டாம்

சி.ஏ.ஜி.யோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் பெயர்கள் சில. லஞ்ச ஒழிப்புத் துறை கையும் களவுமாகப் பிடிக்கும், வழக்குப் போடும். ஆனால் அது மாநில அரசின் கீழ் இயங்கும் அமைப்பு. லோக் ஆயுக்தா, பதவியில் இருப்பவர்கள் மீது மக்கள் கொடுக்கும் ஊழல் புகாரை விசாரிக்கும். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2018-ல்தான் வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உண்டு. தமிழரான கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1964-ல் அமைக்கப்பட்டது. பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்குகளைப் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை; இதுவும் மாநில அரசின் ஒரு துறைதான். யார் யாருக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பார்த்தாலே, யாருடைய குரல் எவ்வளவு தூரம் போகும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நீங்களே ஒன்றைப் படித்துப் பாருங்கள்

சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கைகள் சி.ஏ.ஜி. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் பெயரையோ, உங்களுக்குப் பழக்கமான ஒரு துறையையோ தேடி, ஒரே ஒரு பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாராவும் ஒரே வரிசையில் போகும்: விதி என்ன சொல்கிறது, நடந்தது என்ன, விளைவு என்ன, துறை என்ன பதில் சொன்னது, அந்தப் பதிலைத் தணிக்கை ஏற்றதா இல்லையா. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் விளைவு மட்டும். நீங்கள் கடைசி இரண்டையும் முதலில் படியுங்கள். துறையின் பதில் நியாயமாகப் பட்டால் அதையும் சொல்லுங்கள். நியாயமான பதில்களும் நிறைய உண்டு.

சில பாராக்களின் முடிவில், அரசின் கருத்துக் கேட்கப்பட்டது, இன்னும் பதில் வரவில்லை என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் சித்தப்பாவின் மேஜையில் பார்த்த அந்தத் தாள் எனக்கு ஞாபகம் வரும். ஒரு பாதியில் நீல மையில் கேள்வி, மறு பாதி காலி.